நிழலும் நிறமும்: கணினித் திரையில் மாந்தர் உருவம் தீட்டும் கலை

ஓவியம் என்பது தட்டையான பரப்பொன்றிலே திரட்சியைக் காட்டும் வித்தை. சுவருக்கும் துணிக்கும் தாளுக்கும் நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. இல்லாத அவ்வாழத்தை உண்டென்று கண் நம்புமாறு செய்வது நிழல். உருவத்தின் எல்லையைக் கோடு காட்டும். அதன் உடலைக் காட்டுவது நிழலே. கோட்டினால் வரைந்த முகத்தை இன்னார் முகமென்று நாம் அறிந்துகொள்ளலாம். நிழல் தீட்டிய பின்னரே அது ஓரிடத்தில், ஒரு பொழுதில், ஓர் ஒளியின்கீழ் இருக்கும் மனிதரின் முகமாகின்றது.

இன்று அப்பரப்பு கணினித் திரையாகவும் கைப்பேசித் திரையாகவும் மாறியிருக்கின்றது. அசைபடங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் வேண்டிய கதைமாந்தர் உருவங்களுட் பெரும்பாலானவை டிஜிற்றல் முறையிலேயே தீட்டப்படுகின்றன. நம் மாணவருள்ளும் இத்துறையில் நாட்டங்கொண்டோர் உளர். அவர்கள் முதலில் வினவுவது, “எந்த மென்பொருள் சிறந்தது?” என்பதே. முதலில் வினவத் தக்கதோ, “ஒளி எங்கிருந்து வருகின்றது?” என்பதாகும். கருவி ஆண்டுக்காண்டு மாறும். ஒளியின் நெறி மாறாது. அந்நெறியைச் சுருக்கமாக எடுத்துக்கூறுதலும், நம்மவரின் மாநிற மேனியையும் கரிய மேனியையும் செவ்வனே தீட்டும் வழியை விளக்குதலும் இக்கட்டுரையின் நோக்கங்களாம். இவ்விரண்டாவது பகுதியிலேதான் பலரும் இடறுகின்றனர். ஆதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

மரபில் நிழல்

நிழல் தீட்டுதல் மேனாட்டாரிடமிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. விஷ்ணுதர்மோத்தரம் என்னும் பழைய வடமொழி நூலின் சித்திரசூத்திரப் பகுதி, நிழற்றீட்டலை ‘வர்த்தனை’ என்னும் பெயரால் வழங்கி, அதனை மூவகையாகப் பிரிக்கின்றது. இலையின் நரம்புகளைப்போலக் கோடுகளை இட்டு நிழல் காட்டுவது ஒன்று. மிக நுண்ணிதாக இழைத்துக் காட்டுவது மற்றொன்று. புள்ளிகளைச் செறித்துக் காட்டுவது பிறிதொன்று. இன்றைய மென்பொருள்களில் உள்ள தூரிகைகளைத் திறந்து பார்ப்பின், கோட்டுத் தூரிகை, மென்தூரிகை, புள்ளித் தூரிகை என இம்மூன்றும் அங்கு இருத்தலைக் காணலாம்.

நம் தீவிலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்துச் சிகிரியாப் பாறையில் தீட்டப்பெற்ற மாதர் உருவங்களிலே, மேனியின் ஓரத்தில் வண்ணத்தைச் செறித்தும் நடுவில் இளக்கியும் திரட்சி காட்டப்பட்டுள்ளது. அம்மாதருட் சிலர் பொன்னிறத்தர். சிலர் கரிய நிறத்தர். கரியவரைத் தீட்டிய கை, பொன்னிறத்தவரைத் தீட்டிய கையினும் குறைந்த பரிவோடு செயற்பட்டதாகத் தோன்றவில்லை. தமிழகத்துச் சித்தன்னவாசலிலும், தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றில் 1931ஆம் ஆண்டு வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களிலும் இதே மரபின் தொடர்ச்சியைக் காண்கின்றோம்.

இதற்கு நேர்மாறான மரபும் இத்தீவில் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கண்டி விகாரை ஓவியங்களில், தெகல்தொருவை போன்ற இடங்களில், நிறங்கள் தட்டையாகவே பூசப்பட்டுள்ளன. கோடே அங்குத் தலைமை தாங்குகின்றது. ஆகவே தட்டை நிறமும் ஒரு குறைபாடன்று. அது வேறொரு மொழி. இவ்விரு மொழிகளும் இன்று கணினித் திரையில் வேறு பெயர்களோடு வாழ்கின்றன. ஒன்று, ஒளிக்கு ஒரு நிறம், நிழலுக்கு ஒரு நிறம் என வகுத்து, இரண்டுக்கும் இடையே கூரிய எல்லையிடும் ‘செல்’ முறை. அசைபடக் கலைஞர் செலுலொயிட் தகட்டின் முன்புறத்தில் கோட்டையும் பின்புறத்தில் தட்டை நிறத்தையும் இட்டு வந்தமையால் இப்பெயர் எழுந்தது. மற்றையது, ஒளியிலிருந்து நிழலுக்கு மெல்ல மெல்ல இறங்கும் மென்னிழல் முறை. எதனைத் தேர்ந்தாலும் நிழல் விழும் இடம் ஒன்றே. எல்லையின் கூர்மை மட்டுமே வேறுபடும். ஆதலால் தொடக்க மாணவர் செல் முறையிற் பயிலுதல் நன்று. நிழலை எங்கே வைப்பது என்ற முடிவை அம்முறையில் ஒளித்துவைக்க இயலாது.

பழைய மரபோவியங்களில் நிழல், உருவம் உருண்டது என்று சொல்லுமேயன்றி, ஞாயிறு எத்திசையில் நிற்கின்றது என்று சொல்வதில்லை. திசையுடைய ஒளியைத் தெய்வ வடிவங்களுக்கும் புராண மாந்தருக்கும் இட்டு நாடெங்கும் பரப்பியவர் ராஜா ரவிவர்மா (1848–1906). அவர் 1894ஆம் ஆண்டு பம்பாயில் நிறுவிய கல்லச்சகம் அப்படங்களை இல்லந்தோறும் கொண்டுசென்றது. பின்னர்க் கோவில்பட்டியைச் சேர்ந்த கொண்டையராஜு (1898–1976) முதலியோர் தீட்டிய நாட்காட்டிப் படங்கள் சிவகாசியில் அச்சாகிப் பரவின. நம்மில் மூத்த தலைமுறையினர் பலர் ஒளியையும் நிழலையும் முதன்முதற் பார்த்தது வீட்டுச் சாமியறைச் சுவரிலே தொங்கிய அத்தகைய படங்களிலேதான்.

ஒளியின் இலக்கணம்

எலுமிச்சம்பழம் ஒன்றைச் சாளரத்தருகே வெள்ளைத்தாளின்மேல் வைத்து உற்றுநோக்குக. அதில் ஆறு பகுதிகளைப் பிரித்தறியலாம். ஒளியை நேரே நோக்கும் பகுதி ஒளிப்பகுதி. அதனுள்ளே, விளக்கின் அல்லது வானின் சாயல் தெறித்துத் தோன்றும் சிறு புள்ளி மிளிர்வு. ஒளியிலிருந்து சாய்ந்து செல்லும் பகுதி நடுநிறம். ஒளிக்குப் புறங்காட்டும் பகுதி தன்னிழல். அத்தன்னிழலின் அடியிலே, தாளிற் பட்டுத் திரும்பிய ஒளி மெல்லெனப் படர்ந்திருக்கும், அது மறியொளி. பழம் தாளின்மேல் வீழ்த்தும் நிழல் விழுநிழல்.

இவற்றினிடையே நின்று நிலவும் விதிகள் சில. முதலாவது, நிழலுக்குள் இருக்கும் மறியொளி எத்துணைப் பிரகாசமாகத் தோன்றினும், ஒளிப்புறத்து நடுநிறத்தினும் அது மங்கலாகவே இருத்தல் வேண்டும். இவ்விதியை மீறினால் உருவம் உடைந்துபோகும். முகம் தகரத்தாற் செய்ததுபோலத் தோன்றும். இரண்டாவது, தன்னிழலின் எல்லை உருவத்தின் வளைவைப் பொறுத்தது. கன்னம்போல் மெல்ல வளையும் இடத்தில் எல்லை மென்மையாகவும், மூக்கின் முகடுபோல் திடீரென மடியும் இடத்திற் கூர்மையாகவும் அமையும். மூன்றாவது, விழுநிழல் தொடங்கும் இடத்திற் கூராகவும், தூரஞ் செல்லச் செல்ல மென்மையாகவும் ஆகும். நான்காவது, இரு பரப்புகள் நெருங்கித் தொடும் இடங்களில், விரலிடுக்குகளிலும் காதின் பின்புறத்திலும் உடையின் மடிப்புகளிலும், எத்திசை ஒளியும் எளிதிற் புகாது. அங்கே நிழல் மிகவும் கரிதாகும்.

மறியொளியைக் கற்பதற்கு வல்வைக் கடற்கரையினும் சிறந்த பள்ளி வேண்டுவதில்லை. நம் கடல் வடக்கே விரிந்துள்ளது. கரையில் நிற்பவரைக் காலையில் ஞாயிறு ஒரு பக்கத்திலும் மாலையில் மறுபக்கத்திலும் நின்று ஒளியூட்டும். முகத்தின் ஒரு பாதி ஒளியாகவும் மறுபாதி நிழலாகவும் பிரிந்து நிற்கும். நண்பகலில் ஞாயிறு உச்சியில் நிற்க, கண்குழிகளும் மோவாயின் அடியும் இருண்டிருத்தல் வேண்டும். ஆயினும் வெளிறிய மணல் ஒளியைக் கீழிருந்து மேல்நோக்கி வீசுவதால், மோவாயின் அடி இளஞ்சூட்டு நிறத்தோடு துலங்கும். அதே மனிதரைத் தார்வீதியில் நிறுத்திப் பார்ப்பின் அவ்வொளி இராது.

நம் ஊர்த் தைப்பொங்கற் பட்டத் திருவிழாவும் மற்றொரு பாடத்தைக் கற்பிக்கும். உதயசூரியன் கடற்கரையில் ஏறும் முப்பரிமாணப் பட்டங்களை ஞாயிற்றை நோக்கிப் பார்ப்பின், மெல்லிய தாள் ஒட்டிய பகுதி நிழலாகக் கறுக்காது, உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தோன்றும். ஒளி தாளை ஊடுருவி வருவதே காரணம். மனித உடலிலும் மெல்லிய பகுதிகள் இவ்வாறே நடந்துகொள்ளும். பின்னாலிருந்து வெயில் படும்போது காதுமடல் செந்நிறமாக ஒளிரும். விளக்கின்முன் நீட்டிய விரல்களின் ஓரங்கள் சிவந்து தோன்றும். இதனை அறியாது காதிற்கும் கன்னத்திற்கும் ஒரே நிழல் நிறத்தை இடுவோர், உயிருள்ள தோலுக்குப் பதிலாகக் களிமண்ணைத் தீட்டுகின்றனர்.

நிழலிட முன்னர் உருவத்தைத் தளங்களாகப் பிரித்தல் வேண்டும். 1930ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த ‘அன்னபூரணி’க் கப்பலின் நிழற்படத்தை நினைவிற் கொள்க. அதன் வளைந்த உடல் தனித்தனிப் பலகைகளால் ஆனது. ஒவ்வொரு பலகையும் ஒளியை ஒவ்வொரு கோணத்தில் ஏற்கின்றது. முகமும் அத்தகையதே. நெற்றியின் முன்தளம், நெற்றியின் பக்கத்தளம், மூக்கின் மேல்தளம், மூக்கின் அடித்தளம், மேலுதடு, கீழுதடு, மோவாய் எனத் தளங்களை வகுத்துக்கொண்டால், ஒளி மேலிருந்து வரும்போது எவை இருளும் என்பது தானே விளங்கும். மேலுதடு கீழ்நோக்கியிருப்பதால் இருளும். கீழுதடு மேல்நோக்கியிருப்பதால் ஒளிரும்.

அடுக்குகளும் பெருக்கலும்

கணினியில் தீட்டுவோர்க்குக் கிடைத்த பெரும் வசதி ‘லேயர்’ எனப்படும் அடுக்கு. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றைத் தீட்டுவது போன்றது அது. எண்ணமும் முற்றிலும் புதியதன்று. ரவிவர்மா அச்சகத்தின் வண்ணக் கல்லச்சிலே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல் இருந்தது. தாள் கல்லுக்குக் கல் சென்று, நிறத்தின்மேல் நிறமேறி, முழுப்படம் உருவாயிற்று.

பயில்வோர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம். மேலடுக்கிற் கோட்டுருவம்; அதன்கீழ், மேனி, கூந்தல், உடை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடுக்கில் தட்டை அடிநிறம். ஒவ்வோர் அடிநிறத்தின் மேலும் ஒரு நிழலடுக்கை வைத்து, அடிநிறத்தின் எல்லையைத் தாண்டாதவாறு அதனைக் கட்டிவிடுதல் வேண்டும். பெரும்பாலான ஓவிய மென்பொருள்களில் இதற்கு வழியுண்டு. இறுதியில் மிளிர்வுக்கு ஓரடுக்கு. இவ்வாறு பிரித்து வைத்தால், நண்பகற் காட்சியை அந்திக் காட்சியாக மாற்றுவதற்கு நிழலடுக்கையும் ஒளியடுக்கையும் மாற்றினாற் போதும். உருவத்தை மீண்டும் வரைய வேண்டுவதில்லை.

நிழலடுக்கைப் பெரும்பாலும் ‘மல்ட்டிப்ளை’ என்னும் பெருக்கல் முறையில் வைப்பர். அதன் உட்பொருளை அறியாது பயன்படுத்துவோரே மிகுதி. திரையின் ஒவ்வொரு புள்ளியும் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. ஆகவே 256 × 256 × 256 = 1,67,77,216 நிறங்கள் இயலும். பெருக்கல் முறையில் மேலடுக்கின் எண்ணும் கீழடுக்கின் எண்ணும் பெருக்கப்பட்டு, 255ஆல் வகுக்கப்படும். விடை எப்போதும் மூல நிறத்தினும் மிகாது. ஆதலின் அது நிழலாகின்றது.

எடுத்துக்காட்டாக, மாநிற மேனி ஒன்றின் அளவு செம்மை 140, பசுமை 90, நீலம் 62 எனக் கொள்வோம். அதன்மேல் 170, 150, 190 அளவுள்ள வெளிறிய ஊதா நிழலை இட்டால், விடை ஏறத்தாழ 93, 53, 46 ஆகும். இதே மேனியோடு கருமையை மட்டும் கலந்து அதேயளவு செம்மைக்கு இறக்கினால் 93, 60, 41 கிடைக்கும். எண்களிற் சிறிதளவே வேறுபாடு. கண்ணுக்கோ அது பெரிது. முன்னையது செம்மையும் ஊதாவும் கலந்து உயிரோடு நிற்கும். பின்னையது அழுக்குப் படிந்ததுபோல மங்கும். ஏனெனில் வெளியிடத்து நிழல் என்பது ஒளியின்மை அன்று. ஞாயிற்றின் ஒளி மறைந்த இடத்தில் நீல வானின் ஒளி எஞ்சி நிற்கும் நிலை அது. இக்காரணத்தால், குத்துவிளக்கின் முன்னமர்ந்தவரை வரையும்போது நீல நிழல் இடுதல் தவறு. அங்கு வானம் இல்லை. சுடரின் செம்பொன் ஒளியும் சுவரிற் பட்டு மீளும் அதன் எச்சமுமே உண்டு. ஆதலின் நிழலும் வெம்மை நிறத்ததாய், ஆழ்ந்த கபிலமாக இருக்கும்.

கரிய மேனியைத் தீட்டல்

இனி, இக்கட்டுரையின் இதயமான பொருளுக்கு வருவோம்.

நம் பழந்தமிழர் மேனியின் நிறத்தை நுணுகி நோக்கியவர். சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியழகு ‘மாமை’ எனப் போற்றப்படும். மாந்தளிரின் நிறத்தோடு அது ஒப்பிடப்படும். பிரிவினால் அம்மேனியிற் படரும் வெளிறிய நிறம் ‘பசலை’. அஃதாவது, அவர்க்கு வெளிறுதல் அழகன்று, நோயின் அறிகுறி. திருமாலை மாயோன் என்று கருநிறத்தாற் பெயரிட்டு வணங்கியவரும் அவரே. ஆனால் அச்சுப்படக் காலத்திலே நாட்காட்டித் தெய்வமாதர் பெரும்பாலும் இளஞ்சிவப்பு மேனியராயினர். மேனாட்டு வண்ணப்படச் சுருள்களும், 1950களிலிருந்து, ‘ஷேர்லி அட்டை’ எனப்பட்ட வெண்ணிற மங்கையின் படத்தை அளவுகோலாகக் கொண்டே பதம் பார்க்கப்பட்டன. அதனால் நெடுங்காலம் கரியவர் முகங்கள் நிழற்படத்தில் விவரமிழந்து இருண்டு கிடந்தன. குறை தோலில் இல்லை, அளவுகோலில் இருந்தது. அக்குறை இன்று மாணவர் கையிலுள்ள நிறத்தட்டிலும் தொடரலாகாது. தலைவனுக்கு வெளிறிய நிறம், தீயவனுக்குக் கரிய நிறம் என்று பழகிய கை, தன் தாயின் முகத்தைத் தீட்ட அமரும்போது தடுமாறும்.

கரிய மேனியைத் தீட்டுவதற்கு நான்கு நெறிகள் உண்டு.

ஒன்று: மேனி ஒரே நிறமன்று. நெற்றியிற் சற்று மஞ்சளும், கன்னத்திலும் மூக்கிலும் காதிலும் குருதியின் செம்மையும், ஆடவர் தாடையிற் சற்று நீலமும் கலந்திருக்கும். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் நிறம் ஆழ்ந்திருக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் இளநிறமாக இருக்கும். உள்ளங்கைக்கும் புறங்கையின் நிறத்தையே பூசுதல் தொடக்க மாணவரிடம் காணப்படும் பொதுவான பிழை.

இரண்டு: நிழலுக்குக் கருமையைக் கலத்தலாகாது. மேலே காட்டிய கணக்கின்படி, நிறத்தைச் செம்மை அல்லது ஊதாப் பக்கம் நகர்த்தியே இருட்ட வேண்டும். மேனி ஏற்கெனவே ஆழ்ந்த நிறத்ததாதலால், நிழலுக்கு மிகுதியான இருளும் வேண்டுவதில்லை.

மூன்று: கரிய மேனியின் வடிவைச் சொல்வது பெரிதும் மிளிர்வே. இதற்குப் பௌதிகக் காரணம் உண்டு. தோலின்மேற் படும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே தெறித்துத் திரும்புகின்றது. மற்றப்பகுதி உள்ளே புகுந்து, மெலனின் என்னும் நிறப்பொருளாலும் குருதியாலும் ஓரளவு உறிஞ்சப்பட்டு மீள்கின்றது. மேற்பரப்பில் தெறிக்கும் பகுதி எல்லா நிறத்தவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. உள்ளிருந்து மீளும் பகுதி கரியவரிடத்திற் குறைவு. ஆகவே அவர் மேனியில் மிளிர்வு தெளிவாகத் தனித்து ஒளிர்கின்றது. கருவறையில் எண்ணெய்க்காப்பிட்ட கருங்கல் மூர்த்தத்தை நினைக்க. விளக்கொளி தோளிலும் மூக்கின் முகட்டிலும் முழங்காலிலும் தெறிப்பதனாலேயே அவ்வுருவம் நமக்குப் புலனாகின்றது. மேனியெங்கும் வெண்மையைத் தடவுதல் மிளிர்வாகாது, அது மாப்பூச்சு. நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்கின் முகடு, கீழுதடு, தோள்முனை ஆகிய இடங்களிற் குறுகலாக இடுதல் வேண்டும். மிளிர்வின் நிறம் மேனியின் நிறமன்று, ஒளியின் நிறம். வெட்டவெளியில் அது வானின் இளநீலத்தையும், விளக்கின்முன் பொன்னிறத்தையும் ஏற்கும்.

நான்கு: உருவம் பின்புலத்தில் மறைந்துவிடுகின்றது என்று அஞ்சி மேனியை வெளுப்பித்தல் ஆகாது. மாற்ற வேண்டியது பின்புலமே. இடைநிறப் பின்புலத்தை அமைக்கலாம். அல்லது பின்பக்கத்திலிருந்து ஓர் ஓரவொளியைப் பாய்ச்சித் தலைமயிரினதும் தோளினதும் விளிம்பை வானிலிருந்து பிரிக்கலாம்.

கருவியும் பயிற்சியும்

போட்டோஷொப் 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்குக் கட்டணம் உண்டு. மாணவர்க்கு அது இன்றியமையாததன்று. ‘கிறிற்றா’ என்னும் ஓவிய மென்பொருள் எவரும் விலையின்றிப் பெறத்தக்கது. சுவீடன் மொழியில் அச்சொல் வண்ணக்கட்டியைக் குறிக்கும். இக்கட்டுரையிற் கூறிய அடுக்கு, பெருக்கல் முதலிய யாவும் அதில் உண்டு. கைப்பேசியிலேயே தொடங்குவோர்க்கும் ஏற்ற செயலிகள் பல உள்ளன.

பயிற்சி மூன்று கூறுவோம். தீட்டும் படத்தை இடையிடையே நிறம் நீக்கிக் கருமை வெண்மையாக்கிப் பார்க்க. அந்நிலையிலும் உருவம் திரண்டு தோன்றுமாயின் நிழல் சரி. அல்லாவிடின் எத்தனை நிறம் சேர்த்தாலும் பயனில்லை. படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்க்க; பழகிய கண் காணாத பிழைகள் வெளிப்படும். வீட்டில் உள்ளோர் முகத்தைக் காலை, நண்பகல், விளக்கொளி என மூன்று பொழுதிலும் நேரே நோக்கித் தீட்டுக. நிழற்படத்தைப் பார்த்து மட்டும் பழகினால், புகைப்படக் கருவியின் பிழையையும் சேர்த்துக் கற்றவராவீர்.

சில சொற்களைத் தட்டச்சுச் செய்தால் நொடிப்பொழுதில் முழு உருவத்தையும் ஆக்கித் தரும் இயந்திரங்கள் இக்காலத்தில் வந்துள்ளன. அவ்வாறாயின் இப்பயிற்சி எதற்கு என்று மாணவர் வினவலாம். அவ்வியந்திரங்கள் ஏற்கெனவே உள்ள படங்களைக் கொண்டே பழக்கப்பட்டவை. உலகிலுள்ள படங்களில் நம்மவர் முகம் அரிதாகவும் வெளிறியும் இருப்பின், அவை தருவனவும் அவ்வாறே அமையக் கூடும். வல்வைக் கரையில் வலையிழுக்கும் முதியவரின் தோளில் மாலை வெயில் எவ்வாறு தெறிக்கின்றது என்பதை முதலில் ஒரு மனிதக் கண் கண்டு, ஒரு மனிதக் கை தீட்டுதல் வேண்டும். சிகிரியாவில் ஓவியன் ஒருவன் கரிய மங்கையையும் பொன்னிற மங்கையையும் ஒத்த பரிவோடு தீட்டிச் சென்றான்; பதினைந்து நூற்றாண்டுகளின் பின்னும் அவர்தம் மேனிநிறத்தை நாம் அறிகின்றோம். நம்மவரின் நிறத்தைப் பின்வருவோர் அறியுமாறு செய்யும் கடன் இன்றைய மாணவரைச் சார்ந்தது. அதற்கு வேண்டிய கருவி அவர்தம் கையில் இருக்கின்றது. ஒளியோ நம் கரையில் நாள்தோறும் வந்து விழுகின்றது.